12 பேர் சேர்ந்து ஒரு குவில்ட்: கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்த

நியூ ஜெர்சியில் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்போர் சங்கமான எங்கள் கில்டு ப்ராஜெக்ட் லைனஸ் அமைப்புக்குப் போர்வைகள் தைத்துக் கொடுக்கிறது. 1995-ல் கொலராடோவில் தொடங்கிய அமைப்பு. நோயிலோ அதிர்ச்சியிலோ இருக்கும் குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகளைச் சேர்க்கிறார்கள். போர்வை அந்தக் குழந்தைக்கே சொந்தம்.

ஆளுக்கு ஒரு கட்டம், 12 பேர், ஒரு குவில்ட். இதுதான் எங்கள் முறை. முதல் தடவை நான் பொறுப்பேற்றபோது, 12½ அங்குலம் இருக்க வேண்டிய கட்டங்கள் 12¼ முதல் 12¾ வரை விதவிதமாக வந்தன. பிரித்துத் தைப்பதற்கே மூன்று சனிக்கிழமைகள் போயின. இப்போது அந்தச் சிக்கல் வருவதில்லை. என்ன மாற்றினோம் என்று எழுதுகிறேன்.

துணி

முழுக் காட்டன்தான். சிவப்பையும் கருநீலத்தையும் வெட்டும் முன் துவைத்துவிடுங்கள், சாயம் போகும். ஒரு கட்டத்துக்கு, மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்துத் தைக்க, 4½ அங்குலச் சதுரம் 9. எல்லாவற்றையும் ஒருவரே வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது நல்லது. எனக்கு 45 மி.மீ. ஓல்ஃபா உருளைக் கத்திதான் பிடிக்கும். கத்தரிக்கோலில் அந்த நேர்த்தி வராது.

கால் அங்குலத் தையல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. "கால் அங்குலம் விட்டுத் தையுங்கள்" என்றால் ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு கால் அங்குலம் வரும். ஓரத்தில் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தாலே ஒரு தையலுக்கு இரண்டு துணியிலுமாக 1/8 போகிறது. வரிசைக்கு இரண்டு தையல், ஆக கால் அங்குலம் காணாமல் போகும். 12¼ வந்ததற்குக் காரணம் அதுதான்.

அதனால் கட்டத்தைத் தொடும் முன் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்கிறோம். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை முன்பக்கம் அளக்க வேண்டும். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலுக்கு அதிகமாகப் பிடிக்கிறீர்கள்: ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்துங்கள். கூடினால் இடப்பக்கம். மறுபடி மூன்று பட்டைகள். எனக்கு நான்காவது முறைதான் சரியாக வந்தது.

கால் அங்குலத்துக்கென்றே விற்கும் ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) வாங்கினாலும் சோதனை வேண்டும். அதைவிட, மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டி விளிம்பாக வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். துணி ஃபுட்டுக்குள் போகும் முன்பே நேராகிவிடும்.

இணைப்பதும் மூடுவதும்

இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் கட்டம் கோணும். தையலை அடர்நிறத் துணிப் பக்கம் சாய்த்துவிடுங்கள். 3 கட்டம் குறுக்கே, 4 நெடுக்கே. இணைத்தபின் தையல் போக ஒவ்வொரு கட்டமும் 12 அங்குலம், ஆக 36க்கு 48 அங்குலம். கீழ்த்துணி, பஞ்சு விரிப்பு, மேல்துணி என அடுக்கி நேர்கோடுகளாகத் தைத்தால் போதும். நான் 80/20 காட்டன்-பாலியஸ்டர் விரிப்புதான் போடுவேன், துவைக்கத் தாங்கும். ஓரத்தை மூட, துணியின் முழு அகலத்துக்கு வெட்டிய 2½ அங்குலப் பட்டை 5 வேண்டும்.

கொடுக்கும் முன்

குண்டூசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பிறகு போர்வை முழுக்கக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒரு குழந்தை முகம் புதைத்துப் படுக்கப் போகிற துணி இது. பொத்தான், மணி வேண்டாம். புகைபிடிக்கும் வீட்டில் தைத்ததை ப்ராஜெக்ட் லைனஸ் ஏற்பதில்லை, அலர்ஜி உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள்.

பின்சேர்க்கை

பட்டை சரியாக 1 அங்குலம் வந்தும் கட்டம் சிறுத்துப்போவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முன்பக்கம் தையலோரமாக நகத்தால் தடவிப் பாருங்கள். துணி முழுதாக விரியாமல் மெல்லிய மடிப்பு நின்றிருக்கும். திருப்பிப் போட்டு, முன்பக்கமாக மறுபடி இஸ்திரி போட்டு அளந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெரிதாக வந்த கட்டத்தை வெட்டிச் சரிசெய்யலாமா என்று இன்னொருவர் கேட்டார். சதுரங்கள் மட்டும் உள்ள கட்டமென்றால் நான்கு பக்கமும் சமமாக வெட்டலாம். முக்கோண முனைகள் உள்ளதென்றால் வேண்டாம், முனைகள் தையலுக்குள் போய்விடும். பிரித்துத்தான் தைக்க வேண்டும்.