அதிர்வெண் தெரியும், ஒரு அலைவுக்கு எவ்வளவு நேரம்? ஊஞ்சலில் தொடங்கி ஆஸிலாஸ்கோப் வரை

கண்டனூரில் எங்கள் அப்பத்தா வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தேக்குப் பலகை ஊஞ்சல் தொங்குகிறது. இந்தக் கணக்கைக் கேட்டு யார் வந்தாலும் நான் அந்த ஊஞ்சலில்தான் ஆரம்பிப்பேன். ஒரு அலைவு என்றால் எது என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் சூத்திரம் தானாக வந்துவிடும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து வந்த பிள்ளைகள், லேபில் ஆஸிலாஸ்கோப் (மின் அலையைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) திரையில் அலையைப் பார்த்ததும் எங்கிருந்து எங்கே அளப்பது என்று தெரியாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 1: ஒரு முழு அலைவைக் கண்டுபிடியுங்கள்

ஊஞ்சலை உங்கள் பக்கம் இழுத்து விடுங்கள். எதிர்ப்பக்கம் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் அது ஒரு அலைவு. எதிர்ப்பக்கம் போனது வெறும் பாதி. இதை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது போனில் ஸ்டாப்வாட்சை எடுங்கள். பலகை உங்கள் பக்கம் வந்து ஒரு கணம் நிற்கும்போது ‘சைபர்’ என்று சொல்லி அமுக்குங்கள். ‘ஒண்ணு’ என்று ஆரம்பித்தால் பத்து எண்ணி முடிக்கும்போது ஒன்பது அலைவுதான் ஆகியிருக்கும். அடுத்து வரும்போது ஒன்று, அப்புறம் இரண்டு, இப்படிப் பத்து வந்ததும் நிறுத்துங்கள். எங்கள் ஊஞ்சலுக்கு 28 வினாடி வந்தது. பத்தால் வகுத்தால் 2.8 வினாடி. இதுதான் அலைவுக்காலம். ஒரே ஒரு அலைவை அளந்தால் விரல் அமுக்கும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். பத்தை அளந்தால் அந்தப் பிழையும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

லேசாகத் தள்ளிவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். வீச்சு ரொம்பப் பெரிதாக இல்லாதவரை கிட்டத்தட்ட அதே 2.8 வினாடிதான் வரும். காலத்தைத் தீர்மானிப்பது சங்கிலியின் நீளம். எனக்கு இன்றைக்கும் இது அதிசயம்தான்.

படி 2: தலைகீழாக்குங்கள்

ஒரு வினாடிக்கு எத்தனை அலைவு என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். ரேடியோ அலைகளைச் சோதனையில் காட்டிய ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் பெயர் அது. ஊஞ்சலுக்கு 10 ÷ 28, சுமார் 0.357 ஹெர்ட்ஸ்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு வினாடிக்குள் 50 அலைவு முடிகிறது என்றால், அந்த வினாடியை 50 பங்கு போட்டால் ஒரு அலைவுக்கான நேரம் கிடைத்துவிடும்.

அலைவுக்காலம் = 1 ÷ அதிர்வெண்

1 ÷ 50 = 0.02 வினாடி, அதாவது 20 மில்லி வினாடி. கணக்கு இவ்வளவுதான்.

படி 3: அலகைச் சரியாகப் பிடியுங்கள்

தப்பு பெரும்பாலும் வகுத்தலில் வருவதில்லை, சைபர்களில்தான் வருகிறது. 4 கிலோஹெர்ட்ஸை 4000 ஆக்கி, 0.00025 என்று வந்ததை மறுபடி மில்லியாக மாற்றும்போது ஒரு சைபர் எங்கோ போய்விடும். அதற்கு நான் சொல்லும் வழி இது: கிலோவுக்கு ஜோடி மில்லி, மெகாவுக்கு மைக்ரோ, கிகாவுக்கு நானோ. எண்ணை மட்டும் தலைகீழாக்கி ஜோடியைப் பக்கத்தில் எழுதுங்கள். 4 கிலோஹெர்ட்ஸ் என்றால் ¼ மில்லி வினாடி, அதாவது 0.25 மில்லி வினாடி அல்லது 250 மைக்ரோ வினாடி.

கொடைக்கானல் எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ். 1 ÷ 100.5 = 0.00995 மைக்ரோ வினாடி. இப்படிச் சின்ன எண் வந்தால் ஆயிரத்தால் பெருக்கி அடுத்த அலகுக்கு இறங்குங்கள்: 9.95 நானோ வினாடி. அந்த நேரத்துக்குள் ரேடியோ அலை ஏறக்குறைய 3 மீட்டர் போயிருக்கும்.

படி 4: திரையில் பாருங்கள்

ஆஸிலாஸ்கோப் திரையை ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சதுரம் சதுரமாகக் கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் அகலத்துக்கும் எவ்வளவு நேரம் என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கிறது. குமிழை 5 மில்லி வினாடியில் வைத்தால், 50 ஹெர்ட்ஸ் அலை நான்கு கட்டத்தில் ஒரு சுற்று முடிக்கும். 2 மில்லி வினாடியில் வைத்தால் பத்துக் கட்டம். பெரும்பாலான திரைகளில் குறுக்கே இருப்பதே பத்துக் கட்டம்தான் என்பதால் ஒரே ஒரு அலை திரையை நிறைத்து நிற்கும்.

சுவர் பிளக்கில் நேரடியாக ஆஸிலாஸ்கோப்பை மாட்டவே கூடாது. உயிருக்கே ஆபத்து. 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, அதன் வெளியீட்டுப் பக்கத்தில் அளக்க வேண்டும். படிப்பவர்கள் இதைக் கூட இருக்கும் ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நான் முதன்முதலாக அளந்தபோது, அலை நடுக்கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்து அடுத்து தாண்டிய இடம் வரை எண்ணினேன். இரண்டு கட்டம், 10 மில்லி வினாடி, அப்படியானால் 100 ஹெர்ட்ஸ் என்று நோட்டில் எழுதியும் விட்டேன். ஊஞ்சல் எதிர்ப்பக்கம் போனதோடு எண்ணியது மாதிரிதான் அது. அலை நடுக்கோட்டை மேல்நோக்கித் தாண்டும் இடத்தில் தொடங்கினால், அடுத்து மேல்நோக்கித் தாண்டும் இடத்தில்தான் முடிக்க வேண்டும். நடுவே கீழ்நோக்கித் தாண்டுவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உச்சியிலிருந்து உச்சிக்கு எண்ணினாலும் சரி.

படி 5: பெருக்கிச் சரிபாருங்கள்

அதிர்வெண்ணையும் அலைவுக்காலத்தையும் பெருக்கினால் 1 வர வேண்டும். 50 × 0.02 = 1. கிலோவும் மில்லியும் ஜோடியாக இருந்தால் அப்படியே பெருக்கலாம்: 4 × 0.25 = 1. ஊஞ்சலுக்கு 0.357 × 2.8 போட்டால் 0.9996 வருகிறது. மீதி, 0.357 என்று மூன்று இலக்கத்தோடு நிறுத்தியதில் போனது.