குடிநோயிலிருந்து மீள உதவும் கூட்டத்தைத் தேடிச் சேர்வது எப்படி?

குடியை விட வேண்டும் என்று முடிவெடுத்தவர், கூட்டத்தைத் தேடும் முன் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நெடுநாளாக அன்றாடம் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தும்போது, கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பது தவறு. எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் அது மருத்துவத்துக்கு ஈடாகாது.

உலகில் மிகப் பரவலாக உள்ள குழு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் சந்தித்து மனம்விட்டுப் பேசியதில் அது தொடங்கியது. இருவருமே குடியால் நொந்தவர்கள். குடியிலிருந்து மீள்வதற்கு அது வகுத்துள்ள பன்னிரண்டு படிகளில் உள்ள ஆன்மிகச் சாயல் ஒத்துவராதவர்களுக்கு, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற குழுக்கள் உண்டு. அங்கே குடிக்கத் தூண்டும் எண்ணங்களைக் கையாளும் பயிற்சிகளுக்கே முதலிடம். குடிப்பவரின் குடும்பத்தினருக்கென 1951-இல் உருவான அல்-அனான் தனியாக இயங்குகிறது. குடிப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தாலும், அவருடைய மனைவியோ கணவரோ பெற்றோரோ அங்கே போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன்.

இந்த அமைப்புகளின் அதிகாரபூர்வ இணையதளங்களில் ஊர், கிழமை, நேரம் வாரியாகக் கூட்டங்களின் பட்டியல் கிடைக்கும். குடிநோய் சிகிச்சை மையங்களிலும் மனநல மருத்துவரிடமும் கேட்டால் சொல்வார்கள். பட்டியலில் உள்ள கூட்டம் இடம் மாறியிருக்கவும் கூடும் என்பதால், தொடர்பு எண் தரப்பட்டிருந்தால் முன்னதாக ஒருமுறை அழைத்துப் பேசுவது நல்லது. அப்போது, அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், துணைக்கு ஒருவரை அழைத்தும் போகலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கும் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கும் மட்டுமே உரியது. நேரில் போகத் தயங்குபவர்கள் இணையவழிக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

முதல் கூட்டத்தைப் பற்றிய பயம்தான் பலரை வாசல்வரை வந்து திரும்பிப் போக வைக்கிறது. ஆகவே உள்ளே என்ன நடக்கும் என்பதை முன்பே அறிந்திருப்பது பெரிய உதவி. பெரும்பாலும் ஒரு மணி நேரம், சற்றுக் கூடினால் ஒன்றரை மணி நேரம் நடக்கும். நடத்துபவரும் குடியிலிருந்து மீண்டு வருகிற ஓர் உறுப்பினரே. குழுவின் நோக்கத்தை வாசித்து அவர் தொடங்கிவைக்க, ஒவ்வொருவராகத் தம் முதல் பெயரைச் சொல்லி, தாம் குடித்த காலத்தையும் இப்போது எப்படி இருக்கிறோம் என்பதையும் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதோ, பேசி முடித்ததும் அறிவுரை சொல்வதோ பொதுவாக ஏ.ஏ. கூட்டங்களில் வழக்கமில்லை. உங்கள் முறை வரும்போது, “இன்று நான் கேட்க மட்டும் வந்திருக்கிறேன்” என்றால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். கட்டணம் கிடையாது. செலவுக்காக ஒரு பை சுற்றி வரும், முதல்முறை வருபவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. அங்கே கண்ட முகங்களையும் கேட்ட கதைகளையும் வெளியே பேசாமல் இருப்பது எல்லோருக்கும் பொதுவான கடமை.

கூட்டம் முடிந்ததும் அவசரமாக வெளியேறிவிடாதீர்கள் என்பதே நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. நாற்காலிகளை அடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பழைய உறுப்பினர்கள் தாமாக வந்து பேசுவார்கள், தொலைபேசி எண்ணைத் தருவார்கள். கூட்டம் வாரத்தில் சில மணி நேரம்தான். குடிக்கத் தோன்றுவதோ இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் தனியாக இருக்கும்போது. அந்த நேரத்தில் அழைக்க இரண்டு மூன்று எண்களாவது கையில் இருக்க வேண்டும், கூச்சம் போவதற்காக நல்ல மனநிலையில் இருக்கும் நாளிலேயே ஒருமுறை அழைத்துப் பழகியிருக்கவும் வேண்டும். பின்னாளில் இவர்களில் ஒருவரை, பொதுவாகத் தம் பாலினத்தைச் சேர்ந்தவரை, ஸ்பான்சராக இருந்து படிகளில் வழிநடத்தும்படி கேட்கலாம்.

ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. முதலாவது பிடிக்காவிட்டால் வேறு நாளில், வேறு இடத்தில் நடப்பவற்றையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வதுண்டு. அது விதியன்று, ஆனால் ஆரம்ப வாரங்களில் அடிக்கடி போவது பயன் தரும். ஏ.ஏ.-வில் ஈடுபடச் செய்யும் முறையான சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்ததை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மருத்துவர் தந்த மாத்திரைகளை விட்டுவிடும்படி எந்த உறுப்பினராவது சொன்னால் அதைக் கேட்க வேண்டாம். அப்படிச் சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை.

இடையில் மீண்டும் குடித்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு பல வாரம் ஒதுங்கிவிடாமல் அடுத்த கூட்டத்துக்கே போக வேண்டும். ஏ.ஏ.-வில் சேர, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி என்பதால், குடித்துவிட்டார் என்ற காரணத்துக்காக யாரையும் நீக்குவதில்லை.