சமர்கந்து வழித்தங்கல் அல்ல: மத்திய ஆசிய வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது சமர்கந்தும் புகாராவும் உள்ள நிலம். கிழக்கே சீனா, தெற்கே இந்தியா, தென்மேற்கே ஈரான், வடக்கே மேய்ச்சல் இனங்களின் புல்வெளி. இந்த நிலத்தின் பெரும்பகுதியைக் கொண்ட இன்றைய உஸ்பெகிஸ்தானிலிருந்து பெருங்கடலைத் தொட, எந்தத் திசையில் போனாலும் குறைந்தது இரண்டு நாடுகளைக் கடக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் அக்கம்பக்கத்துப் பேரரசுகளைப் பற்றியே பேசிவிட்டு, அங்கே வாழ்ந்தவர்களை விட்டுவிடுகிறார்கள். மற்றத் தவறுகளுக்கெல்லாம் இதுவே வேர்.

பட்டுப் பாதையில் சரக்கு தானாக நடந்து போகவில்லை. அதைக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர்கள் இந்த மண்ணின் சோக்தியர்கள். ஈரானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சோக்திய மொழியைப் பேசியவர்கள். 1907இல் சீனாவின் துன்ஹுவாங் அருகே, பாழடைந்த காவல் கோபுரம் ஒன்றில் அவர்களுடைய கடிதங்களைத் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஒன்று சமர்கந்துக்கு எழுதப்பட்டது: சீனத் தலைநகரமான லோயாங் எரிந்தது, பேரரசர் பஞ்சத்தால் ஓடிவிட்டார் என்று ஒரு வணிகர் ஊருக்குச் செய்தி சொல்கிறார். இன்னொன்றை எழுதியவள் மிவ்னாய் என்ற பெண். கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் தவிக்க விட்டுப் போய்விட்டான். உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருக்கலாம் என்று அவனுக்கே எழுதுகிறாள். அந்தக் கோபத்தைப் படித்த பிறகும் இவர்களைப் பெயரில்லாத ஒட்டகக் கூட்டமாகப் பார்க்க முடியுமா?

இந்தக் கடிதங்கள் இன்னொரு பழைய கதையையும் அசைக்கின்றன. 751ஆம் ஆண்டு அரபியருக்கும் சீனருக்கும் நடந்த தலாஸ் போரில் சிறைப்பட்ட சீனர்கள்தான் சமர்கந்துக்குக் காகிதத்தைக் கொண்டுவந்தார்கள் என்று பல நூல்கள் சொல்கின்றன. ஆனால் மிவ்னாயின் கடிதமே காகிதத்தில் எழுதப்பட்டது. அதற்கும் போருக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல். எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்தில் காகிதத் தொழில் செழித்தது உண்மை. அதற்கு முன் அந்த மக்கள் காகிதத்தையே அறியாதவர்கள் என்பது உண்மையல்ல.

அவர்களின் பண்பாட்டை இந்தியச் சாயல், சீனச் சாயல், பாரசீகச் சாயல் என்று கூறுபோடுவதும் எனக்கு உவப்பில்லை. சோக்தியர்களின் பஞ்சகெந்து நகரத்துச் செல்வர்கள் தங்கள் வீட்டுச் சுவர்களில் ஈரானிய வீரன் ருஸ்தமின் கதையை வரைந்தார்கள். சிங்கத்தை முயல் ஏமாற்றும் கதையையும் வரைந்தார்கள். நம் பஞ்சதந்திரக் கதையேதான். அவர்களின் நனா தெய்வம் மேற்காசியாவிலிருந்து வந்தவள், சிங்க வாகனம் கொண்டவள், கைகளோ நான்கு. எது எங்கிருந்து வந்தது என்று பட்டியல் போடுவது எளிது. இத்தனையிலிருந்தும் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்து, தங்கள் வீட்டுச் சுவருக்கு ஏற்றபடி வரைந்த ஓவியர்களின் ரசனை அந்தப் பட்டியலில் சிக்காது.

அரபியில் எழுதியவர்களையெல்லாம் அரபியர் ஆக்கிவிடுவதும் பரவலான பிழை. அறிஞர் அல்-பிரூனி 973இல் ஆமு தரியாவின் கீழ்ப்பகுதியான குவாரஸ்மில் பிறந்தவர். சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிய பெரும் நூலை அரபியில் எழுதினார். அவருடைய தாய்மொழி குவாரஸ்மியம். அதில் அறிவியல் எழுதினால் கூரைத் தண்ணீர்க் குழாயில் ஏறிய ஒட்டகத்தைப் போல விநோதமாக இருக்கும் என்று அவரே சொன்னார். அந்த மொழி பின்னர் அழிந்தே போனது. புகாரா அருகே பிறந்த மருத்துவ மேதை இப்ன் சீனாவும் அரபியர் அல்லர்.

1220இல் செங்கிஸ்கான் படை சமர்கந்தையும் புகாராவையும் சூறையாடியதோடு கதையை முடிப்பவர்களுக்கு ஒரே பதில்: அதே சமர்கந்தில்தான், பதினான்காம் நூற்றாண்டுப் பேரரசர் தைமூரின் பேரன் உலுக் பேக் விண்மீன் ஆய்வகம் கட்டி, 1437இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் அட்டவணையை வெளியிட்டார்.

இன்றைய எல்லைக்கோடுகளைப் பழங்காலத்தின் மேல் வரைவது தவிர்க்கக் கடினமான தவறு. அரசுகளே அதைச் செய்கின்றன. உஸ்பெகிஸ்தான் தன் தேசத் தலைவனாகக் கொண்டாடும் தைமூரின் வழிவந்தவர் பாபர், 1483இல் ஆண்டிஜானில் பிறந்தவர். அவரைச் சமர்கந்திலிருந்து விரட்டியதே ஷைபானி கான் தலைமையிலான உஸ்பெக்குகள். அப்படி விரட்டப்பட்டதால்தான் அவர் காபூலுக்கும் பின்னர் டெல்லிக்கும் வந்தார். 1924இல் சோவியத் அரசு இன வாரியாகக் குடியரசுகளைப் பிரித்தபோது, பாரசீகத்தின் ஒரு வடிவமான தாஜிக் மொழி பேசும் மக்கள் நிறைந்த சமர்கந்தும் புகாராவும் உஸ்பெகிஸ்தானுக்குப் போயின. இன்றும் அங்கே வீட்டில் தாஜிக், அலுவலகத்தில் உஸ்பெக் என்று வாழும் குடும்பங்கள் உண்டு. உஸ்பெக்கா தாஜிக்கா என்று உலுக் பேக்கைப் பற்றிக் கேட்பது, அவர் காலத்தில் பொருளே இல்லாத கேள்வி.

பயணம் போகிறவர்களுக்கும் ஒன்று. சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கத்து நீல ஓடுகளோடு திரும்பிவிடாதீர்கள். அவை தைமூர் வம்சத்தார் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும் உரியவை. சோக்தியர்களின் சமர்கந்து நகரின் வடகிழக்கில், அஃப்ராசியாப் மேட்டில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு மன்னர் வர்குமான் அவைக்கு வந்த தூதர்களின் சுவரோவியத்தை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த எல்லைச் சாவடி 2018இல் திறந்துவிட்டதால், ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் தஜிகிஸ்தானுக்குள் இருக்கும் பஞ்சகெந்துக்கும் போய்வர முடியும். ஆனால் அங்கே பெரும்பாலும் மண்சுவர்களே மிச்சம். ஓவியங்களைப் பார்க்க தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேவுக்கோ ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கோதான் போக வேண்டும்.