பழைய ஜீப்பில் முன் கிரவுன் மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மகிந்திரா ஃபோர் வீல் ஜீப்புகளில் முன்பக்கமிருந்து ஊளைச் சத்தம் கிளம்பினால், "அண்ணே, முன் கிரவுன் போயிருச்சுண்ணே" என்று தீர்ப்பு வந்துவிடும். கிரவுன் என்பது அச்சின் நடுவில், ஷாஃப்ட் என்ற நீளத் தண்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம்; அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். போயிருக்கலாம். ஆனால் அதை மூடியிருக்கும் ஹவுசிங்கைத் திறந்து பார்க்காமலே பழைய சாமான் கடைக்கு ஆள் அனுப்புவதுதான் செலவு வைக்கும் முதல் தவறு. டயர், சக்கர பேரிங், ஷாஃப்டின் மூட்டான கிராஸ் மூன்றும் கிட்டத்தட்ட அதே சத்தத்தைப் போடும்.

முதலில் ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டிலிருந்து செம்மண்ணில் இறங்கியதும் சத்தத்தின் குணம் மாறினால் டயர். ஆளில்லாத நேரான ரோட்டில் வண்டியை மெதுவாக இடதும் வலதுமாக வளைத்து ஓட்டும்போது கூடிக் குறைந்தால் பேரிங். இடது பக்கம் திருப்பும்போது எடை வலது சக்கரத்தில் ஏறும், அப்போது சத்தம் கூடினால் வலது சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்றால் கிரவுன் பினியன் மேல் சந்தேகப்படலாம். ஆனால் எந்தக் கிரவுன்? டூ வீலில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்க ஓடும்போது, முன் டிஃபரன்ஷியலுக்கு (கிரவுன் பொருந்தியிருக்கும், இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) எஞ்சின் இழுவையே போவதில்லை. அந்த நிலையில் சத்தம் ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்பட்டு மாறினால், பின் கிரவுனையோ கியர்பாக்ஸையோ பார்க்க வேண்டும். சேஸிஸ் வழியாகச் சத்தம் எங்கேயோ பிறந்து எங்கேயோ கேட்கும், காதை மட்டும் நம்பாதீர்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது, அரை நாள் வேலை. முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு டூ வீலில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஷாஃப்டின் கிராஸ், ஸ்பிளைன் (தண்டில் வெட்டிய நீள வரிப்பற்கள்) இவற்றைப் பாருங்கள். நிற்கவில்லையா, இரண்டு முன் ஹப்பிலும் ஆக்சிலைச் சக்கரத்தோடு பிணைக்கும் டிரைவ் ஃபிளாஞ்சைக் கழற்றி, மண் போகாமல் வாயை மூடிக் கட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்த வண்டிகளில் சக்கரத்தைத் தாங்குவது ஹப் பேரிங்தான், ஆக்சில் இல்லை என்பதால் இப்படிச் செய்யலாம். இப்போது டிஃபரன்ஷியல் சுற்றவே சுற்றாது. இதற்குப் பிறகும் ஊளை கேட்டால் கிரவுனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டி என்றால் ஃபிளாஞ்சைக் கழற்ற வேண்டாம், ஹப்பை ஃப்ரீயில் வைத்தாலே போதும்.

ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்து "ஆட்டம் அதிகம், கிரவுன் தேய்ந்துவிட்டது" என்பதும் அவசரம்தான். கிராஸ், ஸ்பிளைன், ஃபிளாஞ்ச், உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் எல்லாவற்றின் ஆட்டமும் சேர்ந்துதான் உங்கள் கைக்குத் தெரிகிறது. அதேபோல், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் வண்டி இறுகி உதறுவது கோளாறு இல்லை. முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட நீள வட்டம் போகின்றன, அந்த வித்தியாசத்தை விழுங்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. அந்தப் பழக்கம் நல்ல கிரவுனையும் கெடுக்கும்.

நம் பக்கத்து வண்டிகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம் என்பது என் எண்ணம். முதலாளி வெளியூரில் இருப்பார். ஜீப் பெரிய வீட்டுக் கொட்டகையில் கிடக்கும். திருவிழாவுக்கோ படைப்புக்கோ வரும்போது மட்டும் கிளப்புவார்கள். கிரவுனின் அடிப்பகுதிதான் ஆயிலில் மூழ்கியிருக்கும். மேலே தெரியும் பற்களில் ஈரம் படிந்து துரு பிடிக்கும், பிறகு பல்முகம் குழிவிழும். தேயாத கிரவுனே ஊளையிடுவது இப்படித்தான். இன்னொன்று, கார்த்திகை மழையில் கண்மாய் கலுங்கு வழிந்து ஓடும்போது சூடான வண்டியோடு உள்ளே இறங்குவது. ஹவுசிங் சட்டென்று குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கும், ஹவுசிங்கின் காற்றுத் துளையான ப்ரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அதுதான் சாட்சி. வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மை போல ஒட்டினால் இயல்பு, செதில் செதிலாக வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

சரி, கிரவுன்தான் என்று உறுதியாகிவிட்டது. மாற்றும்போது ரேஷியோவை, அதாவது கிரவுன், பினியன் பற்களின் விகிதத்தை, பார்க்காமல் வாங்குவதைப் போலக் கெடுதல் வேறில்லை. பழைய ஜீப்புகளில் 43-க்கு 8 பல்லும் உண்டு, 39-க்கு 8 பல்லும் உண்டு, முதலில் சொன்னது 5.38, அடுத்தது 4.88. முன்னும் பின்னும் வேறு வேறாக இருந்தால் டூ வீலில் ஒன்றும் தெரியாது. சேற்றில் ஃபோர் வீல் போடும் அன்றைக்கு இரண்டு ஆக்சிலும் சண்டை போடும். எண்ணிப் பார்ப்பது சுலபம்: நியூட்ரலில் வைத்து ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பின் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று பாருங்கள். ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைந்தால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, ஜாக்கிக்கு அடியில் பலகையும் பக்கத்தில் ஸ்டாண்டும் வையுங்கள். மழைக்குப் பின் செம்மண் தரையை நம்பக் கூடாது.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்து முடிக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால், அல்லது இரண்டு கடையில் இரண்டு வாங்கினால், புதுச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று பொருள். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான பழைய ஷிம்களை ஒரே டப்பாவில் கொட்டுவதும் பெரிய தவறு. எந்தப் பக்கம் எது இருந்தது என்று கட்டிக் குறித்து, தடிமனை அளந்து வையுங்கள். பற்களுக்கு இடையிலான ஆட்டமான பேக்லாஷை விரலால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது, முள் காட்டும் அளவுக் கருவியான டயல் கேஜ் வேண்டும். பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டரை ஒட்டி வரும், ஆனால் உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுதான் கணக்கு. அப்புறம், பல்லில் மார்க்கிங் சாயம் பூசிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்ய மறுக்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அளவுக் கருவி கிடைக்காத இடத்தில், அதே ரேஷியோவில் நல்ல அசெம்பிளியை முழுசாக வாங்கி மாட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மூடும்போது ப்ரீதரை ஊதிச் சுத்தம் செய்யுங்கள், சீலைப் புதிதாகப் போடுங்கள். ஆயில், இந்தக் கிரவுன்-பினியன் போன்ற ஹைபாய்டு கியருக்கான ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90. மிச்சத்தை கியர்பாக்ஸில் ஊற்ற வேண்டாம், கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளைக்கு அது ஆகாது. புதுக் கிரவுனோடு முதல் முப்பது கிலோமீட்டரை இழுவை இல்லாமல் மெதுவாக ஓட்டி, நிறுத்தி ஆறவிடுங்கள். 800 கிலோமீட்டரில் அந்த ஆயிலை வடித்து, காந்தத்தை மறுபடி ஒருமுறை விட்டுப் பாருங்கள்.