ஹம்பிப் பாறைகளைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் ஒரு நாள் காலை ஹொசப்பேட்டையில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்பதே கால். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாகத் தயாராகக் காத்திருந்தது. அவர்களைக் கூட்டி வந்த இளைஞர் வாசலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். உள்ளே இரண்டு பேர் இன்னும் பூரி சாப்பிட்டு முடிக்கவில்லை. நானும் இதே வேலையில் இருப்பவன் என்று தெரிந்ததும், "இவங்க முடிச்சதும் கிளம்பிடுவோம் சார். ஹம்பி இங்கேருந்து பதிமூணு கிலோமீட்டர்தானே, என்ன அவசரம்?" என்றார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன். ஒரு குடும்பம், ஒரு வண்டி, இரண்டு மூன்று நாள் என்று தனிப் பயணமாக ஆட்களை அழைத்துப் போகிறவர்களுக்கும், அப்படிப் போக நினைக்கிற குடும்பங்களுக்கும் உதவும். அடையாள அட்டை, குடிதண்ணீர், முன்பதிவு மாதிரி யாருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

விடுதியின் இலவசக் காலை உணவு

நான் செய்ததிலேயே அதிக விலை கொடுத்த தவறு இதுதான். இன்றைக்கும் யாராவது "டிபனை முடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அறை வாடகையோடு காலை உணவும் சேர்த்திதான் என்பார்கள். அதை விட நமக்கு மனம் வராது, விருந்தினருக்கும் வராது. சாப்பாட்டு அறை ஏழரைக்குத் திறக்கும். எட்டுப் பேர் குளித்து, இறங்கி வந்து, இட்லி முடித்து, பூரி முடித்து, இரண்டாவது காபியும் குடித்து வண்டியில் ஏறும்போது ஒன்பதரை. ஹம்பியில் இறங்கும்போது பத்து. அதற்குள் பாறை சூடேறியிருக்கும்.

கருங்கல்லின் குணத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அது மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். வெயிலை நாள் முழுக்கக் குடித்துவிட்டுச் சாயங்காலம் திருப்பிக் கக்கும். மதியம் மூன்றரைக்குக் காற்று கொஞ்சம் தணிந்தாற்போல இருக்கும், ஆனால் பாறைமேல் உட்கார முடியாது. ஐந்து மணிக்கு மேல்தான் அது மனிதனை அண்டவிடும். நன்றாகக் குளிர்ந்திருப்பது விடியலுக்கு முன்னாலும் விடிந்து இரண்டு மணி நேரமும்தான். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நாம் பூரிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

எனக்கு இது உறைத்தது ஒரு மார்ச் மாதக் கடைசியில். மதுரைப் பக்கத்திலிருந்து ஏழு பேர், அதில் எழுபது வயது தாண்டிய பாட்டி ஒருவர். வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்து சேர்ந்தோம். விருபாட்சர் கோயிலுக்குள் சுற்றி முடித்து வெளியே வரப் பதினொன்றரை. பக்கத்திலேயே ஹேமகூட மலை. செங்குத்தான ஏற்றமெல்லாம் இல்லை, ஒரே பாறைப் பரப்பு சரிவாக மேலே போகும், வயதானவர்களும் ஏறலாம். "செருப்பைப் போட்டுக்குங்க பாட்டி" என்றேன். "மேலேயும் கோயில்தானேப்பா இருக்கு, செருப்பு எதுக்கு?" என்றார். அந்த வார்த்தைக்கு மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வெறுங்காலோடு ஏறினார். பாதித் தூரம் வரை ஒன்றும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மண்டபத்து நிழலில் உட்கார்ந்து காலைத் திருப்பிக் காட்டியபோது இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

அடுத்த இரண்டு நாளும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள மருமகளும் தங்கிவிட்டார். மிச்சமிருந்த ஐந்து பேருக்கும் மனசு எதிலும் ஒட்டவில்லை. மூன்று நாள் தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். பணம் போனதைவிட, அந்த அம்மா போகும்போது "உன் மேல தப்பில்லப்பா" என்று சொன்னது இன்னும் உறுத்துகிறது. தப்பு என் மேல்தான். ஆறு மணிக்கு ஏறியிருந்தால் அதே பாறை அவர் காலுக்குச் சில்லென்று இருந்திருக்கும்.

"டிசம்பர்ல அவ்வளவு சூடு இருக்காதே" என்று அந்த இளைஞர் கேட்டார். சரிதான், கால் பொரியாது. ஆனால் வெளிச்சம்? ஹம்பிக்கு ஆட்கள் வருவதே அந்தப் பாறைகளுக்காக. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு நிழல் விழும். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கற்கள் தனித்தனியாகத் தெரியும், நிறம் தேனாக மாறும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பு. முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்றே பிரிந்து தெரியாது. பதினோரு மணிக்குக் கூட்டிப்போனவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம், "எல்லாம் கல்லுதானே தம்பி" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அது வெறும் கல்தான்.

இப்போது நான் செய்வது இது. முதல் நாள் இரவே சொல்லிவிடுவேன்: ஐந்தரைக்கு வண்டி கிளம்பும், கையில் ஒரு பிளாஸ்க் டீ, ஆளுக்கு ஒரு வாழைப்பழம். ஆறு மணிக்கு ஹேமகூடம். கிழக்கே மாதங்க மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும், கீழே விருபாட்சர் கோபுரம் மெல்லத் துலங்கும். எட்டு மணிக்கு இறங்கி ஹம்பி ஊருக்குள்ளேயே டிபன். அங்கே தாளித்த பொரியும் மிளகாய் பஜ்ஜியும் கிடைக்கும். மண்டக்கி என்பார்கள், நம் ஆட்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். டிக்கெட் வாங்க வேண்டிய விட்டலர் கோயில் எட்டரைக்குத்தான் திறக்கும் என்பதால் அதற்கு அடுத்தபடியாக அங்கே. பத்தரைக்கு மேல் நிழல் உள்ள இடங்கள் மட்டும். குவிமாடங்களோடு பதினோரு அறை வரிசையாக நிற்கும் யானைக் கொட்டாரம், கமலாபுரத்து அருங்காட்சியகம் இப்படி. அருங்காட்சியக முற்றத்தில் ஹம்பி முழுவதையும் மலை, ஆறு, கோயிலோடு சின்ன வடிவில் செய்து வைத்திருக்கிறார்கள். காலையில் ஏறிய பாறை எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் அதில் தேடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும். அப்புறம் சாப்பாடு, தூக்கம். நாலரைக்கு மறுபடி வண்டி.

இரவு ரயிலில் வந்து காலையில் இறங்குகிறவர்களை அன்றைக்குக் காலையே மலையேற்றாதீர்கள். அந்தக் காலை போனது போகட்டும். சாயங்காலத்திலிருந்து தொடங்குங்கள்.

பாறை எப்படி வந்தது என்று தப்பாகச் சொல்வது

முதல் இரண்டு வருடம் நான் "எரிமலை வெடிச்சுச் சிதறின கல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லக் கேட்டது. ஒரு தடவை வந்த குழுவில் ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லாமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியாக அழைத்து ஒரு சோப்புக்கட்டியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதையே இன்றும் சொல்கிறேன்.

இந்தக் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. பூமிக்கு அடியில் ஆழத்திலேயே குழம்பு மெதுவாக இறுகி உண்டானது, வெளியே வந்து வெடித்ததே இல்லை. மேலே இருந்த சுமை காலப்போக்கில் கரைந்து போகப் போக, பாறையில் நெடுக்கும் குறுக்குமாக விரிசல் விட்டது. பெரிய பெரிய செங்கல் அடுக்கினாற்போலத் துண்டுகள். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்கியது. தட்டையான பக்கத்தில் தண்ணீர் ஒரு பக்கமிருந்து அரிக்கும், விளிம்பில் இரண்டு பக்கமிருந்து, மூலையில் மூன்று பக்கமிருந்து. அதனால் மூலைதான் முதலில் போகும். புது சோப்பு நான்கு நாளில் மூலை மழுங்கி உருண்டையாவது இப்படித்தான். இவ்வளவும் மண்ணுக்குள்ளேயே நடந்து முடிந்தது. பிறகு மழை அந்த மண்ணை அடித்துப்போக, உருண்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக மிஞ்சின. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டையும் இந்த வகைதான் என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

இதைச் சொல்வதால் கிஷ்கிந்தைக் கதையைச் சொல்லக்கூடாது என்று அர்த்தமில்லை. வாலியும் சுக்ரீவனும் சண்டையில் வீசிய கற்கள் என்று உள்ளூரில் சொல்வதைச் சொல்லத்தான் வேண்டும். பெரியவர்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். கதையைக் கதையாகவும் கல்லைக் கல்லாகவும் சொல்லுங்கள், இரண்டையும் குழப்பாதீர்கள்.

பாறையையும் சிற்பத்தையும் தனித்தனியாகக் காட்டுவது

நரசிம்மர் சிலைக்கு முன்னால் நிறுத்தி "6.7 மீட்டர் உயரம், 1528, கிருஷ்ணதேவராயர்" என்று ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த சிலை அல்ல, ஒரே பாறையில் செதுக்கியது என்பதைச் சொல்வதில்லை. கடலைக்கல் கணேசரும் அப்படித்தான், சுமார் 4.5 மீட்டர். வழியில் பல பாறைகளில் கோடு போட்டாற்போல வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளக்கப் போட்ட குழிகள் அவை. அதில் பையன்களை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி பிளந்து, வேண்டாம் என்று விட்டுப்போன கற்களும் உண்டு. அதன் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசினால் விட்டலர் கோயில் கல்தேர் வேறு மாதிரித் தெரியும்.

இசைத்தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்வது

விட்டலர் கோயிலில் இதற்குத் தடை. கேட்கவே கேட்காதீர்கள்.

ஆற்றைக் கேட்காமல் அக்கரைக்குத் திட்டம் போடுவது

ஆனேகுந்தி, அஞ்சனாத்ரி, சாணாப்பூர் ஏரி எல்லாம் துங்கபத்திரைக்கு அந்தப் பக்கம். தளவாரகட்டையில் பரிசல் ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. ஆனால் மேலே அணை இருக்கிறது. 1953இல் கட்டி முடித்த அணை அது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். ஆற்றங்கரைப் புரந்தரதாசர் மண்டபமே மூழ்கிப் போகும். நான் ஒரு ஆகஸ்டில் வண்டியை இக்கரையிலேயே நிறுத்திவிட்டு, காலையில் ஆட்களோடு பரிசலில் போனேன். மதியம் தண்ணீர் ஏறியது. திரும்ப வேறு வண்டி பிடித்துச் சுற்றி வந்து சேர்வதற்குள் ராத்திரி ரயில் போய்விட்டது. ஆறு பேருக்கு டிக்கெட், ஒரு ராத்திரி அறை, எல்லாம் என் கையிலிருந்து.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை முதல் நாளே பரிசல்காரரிடம் விசாரியுங்கள். வண்டியைச் சாலை வழியாக அக்கரைக்கு அனுப்பி வையுங்கள். அஞ்சனாத்ரிக்கு ஏறத்தாழ 575 படி. அதையும் வெயிலுக்கு முன்பே முடிக்க வேண்டும்.

மாதங்க மலைக்கு இருட்டில் தனியாக அனுப்புவது

வழி தெரிந்த உள்ளூர் ஆள் கூட வராமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

உள்ளூர் வழிகாட்டியை மொழிபெயர்ப்பில் அமுக்குவது

உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதுதான் முறை. அவர் கன்னடத்திலோ அரைகுறைத் தமிழிலோ பேசுவார். புதியவர்கள் அவர் ஒரு வாக்கியம் முடிக்கும் முன்பே, தமிழில் தாங்கள் நான்கு வாக்கியம் சொல்லிவிடுகிறார்கள். அரை மணியில் அந்த மனிதர் வாயை மூடிக்கொள்வார், பிறகு நாள் முழுக்கத் தேதிகளை மட்டும் சொல்வார். ஆனேகுந்தியைச் சேர்ந்த ஒரு பெரியவரோடு எனக்கு இது நடந்தது. மறுநாள் நான் பேசாமல் பின்னால் நடந்தேன். அவர் ஒரு பாறை இடுக்கைக் காட்டி, சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது மழைக்கு அங்கேதான் ஒதுங்குவோம் என்றார். உள்ளே குனிந்து போய், சுவரில் செங்காவியில் வரைந்திருந்த மாடுகளைக் காட்டினார். நான் நான்கு வருடமாக அந்த வழியில் போய்வந்துகொண்டிருந்தேன், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

விலையைப் பிரித்துப் பிரித்துச் சொல்வது

நுழைவுச்சீட்டு, பரிசல், வண்டி நிறுத்தம், பேட்டரி வண்டி, வழிகாட்டி கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கிளம்பும் முன்பே, எழுத்தில்.

அன்றைக்கு அந்த ஈரோட்டுக் குடும்பம் ஒன்பதே முக்காலுக்குத்தான் கிளம்பியது. ராத்திரி அந்த இளைஞர் என் அறைக் கதவைத் தட்டி, பிளாஸ்க் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். என்னிடம் இருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன்.