பழைய வளையலுக்குப் பட்டு நூல் சுற்றுவது எப்படி

அக்கா மகள் வளைகாப்புக்கு அவள் புடவைக் கலரிலேயே 24 வளையல் சுற்றிக் கொடுத்தேன். சாயம் போன பிளாஸ்டிக் வளையலே போதும்.

பட்டு நூலில் 20 இழையைச் சேர்த்து, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். நுனியை வளையலின் உள்பக்கம் ஃபேப்ரிக் க்ளூவால் ஒட்டி, காய்ந்த பிறகு சுற்றுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். இழைகள் முறுக்கிக்கொண்டால் பளபளப்பே போய்விடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலால் நீவி, ரிப்பன் மாதிரி தட்டையாகப் படியவிடுங்கள். விரல் சொரசொரப்பாக இருந்தால் நூல் பிசிறும்; அதனால் முந்தின ராத்திரியே கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்காருவேன். நூல் தீர்ந்தால் உள்பக்கமே ஒட்டி, அடுத்ததைத் தொடங்குங்கள்.

கடைசியாக நடுவில் கல் செயின் ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். போட்டுக்கொண்டு பாத்திரம் மட்டும் தேய்க்காதீர்கள்.