சாண்டி கோஃபாக்ஸின் ஆட்டக் கணக்கை வாசிக்கும் முறை

பேஸ்பாலில் பந்தெறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவருடைய கணக்கைப் பார்க்கும்போது முதலில் மொத்தத்தைத் தேடுவது கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இயல்பு. பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும். அமெரிக்கப் பிட்சர் கோஃபாக்ஸின் கணக்கை அப்படித் தொடங்கினால், 165 வெற்றி, 87 தோல்வி என்ற வரியைக் கண்டதும், 300 வெற்றிகளைத் தாண்டியவர்கள் இருக்க இவரை ஏன் இத்தனை கொண்டாடுகிறார்கள் என்ற ஐயமே மிஞ்சும். ஆகவே மொத்தத்தை மறைத்துவிட்டு, ஆண்டுவாரியாக மேலிருந்து கீழே வாசியுங்கள்.

1955 முதல் 1960 வரை 36 வெற்றி, 40 தோல்வி. பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்த இளைஞரை இரண்டு ஆண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால், புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக 19 வயதில் களமிறங்கிய இந்த இடக்கைக்காரருக்குச் சிற்றணிகளில் ஆடித் தேறும் வாய்ப்பே கிட்டவில்லை. இதை மனத்தில் வைத்தே அந்த வரிகளை எடைபோட வேண்டும்.

அடுத்தது ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுத்த சராசரி ஓட்டங்கள். தடுப்பாளர்களின் பிழையால் வந்த ஓட்டங்களை நீக்கி, எஞ்சியவற்றை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸ்களால் வகுத்தால் இது கிடைக்கும். எண் சிறியதாக இருப்பதே சிறப்பு. 1963இல் 311 இன்னிங்ஸில் 65 ஓட்டங்கள், அதாவது 1.88. 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டுகளும், முதன்மை அணிகள் ஆடும் இரு லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் மிகக் குறைந்த எண் இவருடையதுதான். 1962இல் திறக்கப்பட்ட டாட்ஜர் மைதானமும், 1963இல் பெரிதாக்கப்பட்ட ஸ்டிரைக் எல்லையும் (பந்து சரியான வீச்சாகக் கொள்ளப்படும் பரப்பு) பிட்சர்களுக்குச் சாதகமானவை என்பதால், அதே ஆண்டில் ஆடியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரு லீகுகளுக்கும் சேர்த்து ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒன்றே தரப்பட்ட அக்காலத்தில், 1963, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாக்களித்த அனைவரும் இவரையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கு எல்லா எண்களையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

இரு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1965ஆம் ஆண்டினதைத் தனியாகப் படியுங்கள். யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று வந்த முதல் ஆட்டத்தில், யூதரான அவர் ஆடவில்லை. ஏழாவது ஆட்டத்திலோ இரண்டே நாள் ஓய்வுக்குப் பின், வளைபந்து கைகொடுக்காத நிலையிலும், மின்னசோட்டா அணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் 2-0 என வென்றார்.

கடைசி வரி 1966: 27 வெற்றி, 323 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 1.73. இடது முழங்கை மூட்டழற்சியால் அந்த நவம்பரில், 30 வயதில் விலகினார். பிறருடைய கணக்கில் காணும் சரிவுக்கால ஆண்டுகள் இவருக்கு இல்லை. ஆகவே ஒப்பிடும்போது அவர்களுடைய மிகச் சிறந்த ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுத்து இவருடைய கடைசி ஐந்து ஆண்டுகளின் பக்கத்தில் வையுங்கள்.